மொட்டைப் பொத்தான்கள்

உங்கள் கைபேசியை எட்டிப் பார்த்ததாக நினைக்காதீர்கள். பார்த்தேன்தான். ஆனால் எட்டவில்லை, இந்தப் பேருந்து இருக்கையில் நீங்கள்தான் என் மூக்குக்கு நேரே பிடித்திருக்கிறீர்கள். ஒரு சின்னச் சந்தேகம். அதில் நாற்பது படமாவது இருக்கும். பச்சையாக ஒன்று, நீலமாக நாலைந்து, எல்லாம் ஒரே சாடை. ஒன்றின் பெயரையும் படிக்காமல் விரலை வைக்கிறீர்களே, ஒரு தடவைகூடத் தப்பாகப் போனதில்லையா?

மாமனாருக்குப் போய்விட்டதா! யாருக்குப் போக வேண்டியது? சரி, வேண்டாம். சொல்ல வேண்டாம்.

இதைத்தான் நான் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன். இந்தப் பைக்குள் இருக்கிறது. படத்தை நம்பி அழுத்துகிறவன் கதி என்ன என்று. உங்கள் மாமனார் கதை முன்பே தெரிந்திருந்தால் ஒரு பத்தி சேர்த்திருப்பேன்.

என் பெயர் சூசைமாணிக்கம். மணப்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். கல்லூரிப் பெயர் வேண்டாம். சொன்னால், "அங்கேதான் என் கொழுந்தியாள் மகள் படிக்கிறாள்" என்பீர்கள். அப்புறம் நான் வாயைத் திறக்க முடியாது. திருச்சியில் எங்கள் நிர்வாக அலுவலகம் இருக்கிறது. பதினொரு மணிக்கு அங்கே விசாரணை. பதினொரு மணி, பதினொரு பக்கம். திட்டம் போட்டதில்லை, தானாக அமைந்தது.

என் மேல் விசாரணை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோகிலவாணி மேல். எங்கள் நூலகத்தில் கணிப்பொறியில் உட்காருகிறவர். ஒப்பந்த வேலை. தினமும் வையம்பட்டியிலிருந்து வருகிறார். வந்து நாலு வருடம் ஆகிறது. நாலு வருடத்தில் ஒரு நாளும் ஒன்பதரைக்குப் பிறகு வந்ததில்லை. வருகிற முப்பதாம் தேதியோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்றைக்கு விசாரணையில் தப்பினால் புதுப்பிப்பார்கள். இல்லையென்றால் வீடு. வீட்டில் இவர் ஒருவர் வேலையில்தான் அடுப்பு எரிகிறது.

என்ன குற்றம் என்று கேட்கிறீர்களா? பொத்தானிலிருந்த படங்களைக் காணவில்லை.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், முதல் நாள்.

மூன்று வருடத்துக்கு முன் நூலகத்துக்கு ஒரு மென்பொருள் வாங்கினார்கள். திறந்ததும் திரையின் மேலே வரிசையாக இருபத்திரண்டு பொத்தான்கள். ஒன்றிலும் ஓர் எழுத்து கிடையாது. எல்லாம் படம். தேடுவதற்கு ஒரு பைனாகுலர். நான் கேட்கிறேன், நூலகத்தில் யாராவது பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு புத்தகம் தேடுவார்களா? தேடினால் வாட்ச்மேன் பிடித்து வெளியே விடுவார். சேமிப்பதற்கு ஒரு ஃபிளாப்பி. எங்கள் மாணவர்களில் ஒருவரும் ஃபிளாப்பியை நேரில் பார்த்ததில்லை. ஒரு பெண் என்னிடமே கேட்டாள், "சார், அது என்ன சார், வாஷிங் மெஷினா?" என்று. அழிப்பதற்குச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஃபிளாப்பிக்கு இடப்பக்கம், ஒட்டினாற்போல். குடிதண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்க் குடத்தை வைக்கிற குடும்பம் எதையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்று. சேமித்தாலும் அது ஒரு கேள்வி கேட்கும். அழித்தாலும் அதே கேள்வி. ஆங்கிலத்தில், "நிச்சயமாகவா?" என்று. எது நிச்சயமாகவா? அதைச் சொல்லாது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்கும். கோகிலவாணியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: "அது ஒரு சந்தேகப் பிராணி. என்ன கேட்டாலும் ஆம் என்று அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்." இந்த விவரம் என் பதினொரு பக்கத்தில் இல்லை. இடம் போதவில்லை.

டிக்கெட்டா? திருச்சி, மத்தியப் பேருந்து நிலையம். எடுத்தாயிற்றே. இதோ.

எங்கே விட்டேன்? கோகிலவாணி. நல்ல உழைப்பாளி, ஒரு குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு குறை சொல்லலாம். போன வருடம் சமையல் புத்தகங்கள் மொத்தத்தையும் பின்வரிசையிலிருந்து தூக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டார். விடுதிப் பெண்கள் தினமும் கேட்கிறார்களாம். வைக்கட்டும். ஆனால் எந்த அலமாரி என்ற பதிவைத் திருத்தவில்லை. வேதியியல் பேராசிரியர் ஒருவர் ஊறுகாய் பற்றிய ஒரு புத்தகத்துக்காக அரை நாள் பின்வரிசையில் குனிந்து நிமிர்ந்து, கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் கோகிலவாணியை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினேன். "நகர்த்துவது குற்றமில்லை. நகர்த்தியதைப் பதியாமல் விடுவதுதான் குற்றம். பதியாமல் இடம் மாறிய புத்தகமும் எரிந்துபோன புத்தகமும் தேடுகிறவனுக்கு ஒன்றுதான்" என்றேன். அவர் அதை அப்படியே ஓர் அட்டையில் எழுதி, தன் மேசைமேல் ஒட்டிவைத்துக்கொண்டார். பக்தியா நக்கலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கதை நடந்தது இந்த மே மாதம். விடுமுறையில் நூலகத்தைச் சாத்திவிட்டு இருப்புச் சரிபார்ப்போம். ஒவ்வொரு புத்தகமும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. நாற்பதாயிரம் புத்தகம். ஒரு வாரத்தில் முடித்தோம். முடித்த கையோடு, சனிக்கிழமை, கோகிலவாணி போன பிறகு, கணிப்பொறியையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? கண்றாவி. கடிதம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. குழந்தைகள் பிறந்தநாள் முடிந்த கூடம் மாதிரி. ஃபோல்டர் என்பார்களே, அப்படி நான் பத்து உறைகள் உருவாக்கினேன். நூலக முறைப்படி, பூஜ்யத்திலிருந்து தொள்ளாயிரம் வரை. சமயம் என்றால் இருநூறு. மொழி நானூறு. கலை எழுநூறு. அதற்குள் வரைந்த படங்கள் எழுநூற்று நாற்பத்தொன்று. சாயங்காலம் ஆறு மணிக்குள் கண்ணுக்குப் பட்ட எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் சேர்த்துவிட்டேன். புரியாத நிரல் கோப்புகளை மட்டும் தொடவில்லை. படிக்கத் தெரியாத மொழிப் புத்தகத்தை நான் அலமாரி மாற்றுவதில்லை. அது என் கொள்கை. அது வேறு கதை, விடுங்கள். பொத்தானுக்கு வருவோம்.

திங்கட்கிழமை காலையில் நான் சட்டை மேல்பட்டனைக்கூடக் கழற்றவில்லை, கோகிலவாணி கூப்பிடுகிறார்.

"சார், பட்டன் எல்லாம் மொட்டையா நிக்குது சார்."

போய்ப் பார்த்தேன். உண்மை. இருபத்திரண்டு சாம்பல் நிறச் சதுரங்கள். ஒன்றிலும் படமில்லை. அழுத்தினால் வேலை செய்கிறது. எது எது என்றுதான் தெரியவில்லை.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஒழிந்தது பைனாகுலர்.

மென்பொருள் நிறுவனத்துக்குத் தொலைபேசி போட்டேன். தினகர் என்று ஒருவர் எடுத்தார்.

"சிஸ்டத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

"பண்ணியாயிற்று."

"இன்னொரு தடவை பண்ணுங்க."

"முதல் தடவை செய்ததில் என்ன குறை?"

இரண்டாம் தடவையை அவரே விட்டுவிட்டார். பிறகு, "வைரஸ் ஏதாச்சும்?" என்றார். இல்லை. "புதுசா ஏதாச்சும் போட்டீங்களா?" இல்லை. "எதையாவது டெலிட் பண்ணீங்களா சார்?"

"ஒன்றைக்கூட அழிக்கவில்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். அந்தப் படமெல்லாம் தனித்தனி ஃபைல். புரோகிராம் திறக்கும்போது போய் எடுத்துக்கும். அங்க இல்லேன்னா மொட்டையாத்தான் நிக்கும். யாரோ அழிச்சிருக்காங்க."

"நான் நூலகன் ஐயா. அழிப்பது என் தொழில் இல்லை."

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அழித்தீர்களா என்றார், இல்லை என்றேன். அதில் ஒரு சொல் பிசகு கிடையாது. புதிய படங்கள் அனுப்ப வேண்டுமென்றால் பராமரிப்பு ஒப்பந்தத்தை முதலில் புதுப்பிக்க வேண்டுமாம். அதற்குத் திருச்சியில் மேலாளர் ராஜமன்னார் கையெழுத்துப் போட வேண்டும். அவரிடம் கோப்பு போனால் அது துறவறம் பூண்ட மாதிரி. தினகர் தன் அறிக்கையில் ஒரு வரி எழுதி மேலாளருக்கு அனுப்பிவிட்டார்: "பயனர் படக் கோப்புகளை அழித்திருக்கிறார்." பயனர் யார்? அந்தக் கணிப்பொறி கோகிலவாணியின் பெயரில்தான் திறக்கும். நாங்கள் இருவருமே அந்தப் பெயரில்தான் நுழைவோம். எனக்குத் தனியாக ஒன்று கேட்டு எழுதியிருந்தேன். அந்தக் கோப்பும் துறவறத்தில் இருக்கிறது.

படம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? பழைய நூலட்டைகளைக் கத்தரித்தேன். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்து, எது என்னவென்று கண்டுபிடித்து, நல்ல தமிழில் பெயர் எழுதினேன். தேடு. சேமி. அழி. புதியது. இருபத்திரண்டு சீட்டு. திரையின் மேல்விளிம்பில், அந்தந்தப் பொத்தானுக்கு நேராக, டேப் போட்டு ஒட்டினேன்.

"கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி இருக்கு சார்," என்றார் கோகிலவாணி.

"படிக்க முடிகிறதல்லவா?"

"படிக்க முடியுது சார். மொய் எங்க எழுதுறதுன்னு ஒரு சீட்டு ஒட்டிட்டா முழுசா ஆயிரும்."

அப்படித்தான் பேசுவார். ஆனால் மூன்று வாரம் ஒரு பிழையும் இல்லாமல் வேலை நடந்தது. படத்தைவிடச் சொல் மேல் என்று நிரூபித்தேன். நாலாம் பக்கத்தில் அதை விரிவாக எழுதியிருக்கிறேன்.

பிறகு அந்த வியாழக்கிழமை. கல்லூரியில் கருத்தரங்கு. நூலக ஒழுங்கு பற்றி நான் பேச வேண்டும். காலையில் என் குறிப்பை ஒரு தடவை திரையில் பார்க்க உட்கார்ந்தேன். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. எனக்கு ஐம்பத்தேழு வயது. திரையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டு, படித்துவிட்டு, மேடைக்குப் போய்விட்டேன்.

எழுத்தைப் பெரிதாக்கினால் எல்லாமே பெரிதாகும்போல. பொத்தான்கள் விரிந்து வலப்பக்கம் தள்ளிப் போய்விட்டன. "சேமி" என்ற என் சீட்டுக்குக் கீழே இப்போது நிற்பது அழிக்கும் பொத்தான். கவனியுங்கள், என் சீட்டு ஒட்டிய இடத்திலேயேதான் இருந்தது. நகர்ந்தது பொத்தான். யாரிடமும் சொல்லாமல் நகர்ந்திருக்கிறது.

கோகிலவாணிக்கு அன்றைய வேலை, ஒரு மருத்துவர் கொடுத்த புத்தகங்களின் பதிவைத் திறந்து, அலமாரி எண்ணைச் சேர்த்து, சேமிப்பது. திறந்தார், சேர்த்தார், "சேமி" என்ற சீட்டுக்குக் கீழே அழுத்தினார். நிச்சயமாகவா? ஆம். அந்தப் பதிவு போய் அடுத்த பதிவு வந்து நின்றது. சேமித்தாயிற்று என்றுதானே நினைப்பார்? நாற்பத்தொரு தடவை.

நான் மேடையில் முடிவுரையில் இருந்தேன். வாசலில் வந்து நின்று கையை ஆட்டுகிறார். பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். முடிவுரையை நடுவில் விட முடியாது. இறங்கி வந்தால், அந்த அம்மாள் முகம் வெளுத்துப்போய் இருக்கிறது.

"சார், புக்கு குறையுது சார். நான் போடப் போட எண்ணிக்கை குறையுது."

புத்தகம் எங்கும் போகவில்லை. அலமாரியில் இருக்கிறது. பதிவுதான் போனது. கையால் எழுதிய சேர்க்கைப் பேரேட்டை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு நாள் இருவரும் உட்கார்ந்தோம். நான் படிக்க, அவர் தட்ட, நாற்பத்தொன்றையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். ஒரு நட்டமும் இல்லை. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ராஜமன்னார் இரண்டையும் சேர்த்து ஒரு மெமோ அடித்துவிட்டார். படக் கோப்புகளை அழித்தது ஒன்று, பதிவுகளை அழித்தது இரண்டு. இரண்டும் கோகிலவாணி பெயரில். எனக்குத் தொலைபேசியில் சொல்கிறார்: "மாணிக்கம் சார், நீங்க கவலையே படாதீங்க. உங்க பேர் எங்கயும் வராது. அந்தப் பொண்ணு லாகின்தான. நான் முடிச்சுடறேன்." என் பெயர் வராதாம்! முப்பத்தொரு வருடம் நூலகத்தைக் கட்டி ஆண்டவனிடம், பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற குரலில் சொல்கிறார். அந்தக் கோபத்தில்தான் பதினொரு பக்கம். மென்பொருளைக் கிழித்திருக்கிறேன். நிறுவனத்தைக் கிழித்திருக்கிறேன். துறவறம் பூண்ட கோப்புகளுக்குத் தனியாக ஒரு பக்கம். ராஜமன்னார் படித்து முடிக்கும்போது அவர் நாற்காலி அவருக்கே குத்த வேண்டும்.

நேற்று சாயங்காலம் கோகிலவாணி கேட்டார், "என்ன சார் எழுதியிருக்கீங்க?" என்று. முதல் மூன்று பக்கத்தை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்கு சார். நான் படத்தைத் தொடலைன்னு எங்கயாவது ஒரு வரி இருக்கா சார்?"

"எட்டாம் பக்கத்தில் உங்கள் உழைப்பைப் பற்றி ஒரு பத்தியே இருக்கிறது."

"பத்தி வேணாம் சார். ஒரு வரி."

"நான் கண்ணால் காணாததை எப்படி எழுதுவேன், கோகிலவாணி? நீங்கள் தொட்டதையும் நான் பார்க்கவில்லை, தொடாததையும் பார்க்கவில்லை."

எழுந்தார். மேசைமேல் ஒட்டியிருந்தாரே அந்த அட்டை, அதை நகத்தால் மெல்லப் பெயர்த்து, கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்று காலை ரயிலிலேயே திருச்சிக்குப் போயிருப்பார். விசாரணைக்கு அந்த அட்டை எதற்கு? எனக்கு அதுதான் புரியவில்லை.

என்ன கேட்டீர்கள்? படமெல்லாம் கடைசியில் எங்கே போயிற்றா? எங்கேயும் போகவில்லையே. நன்றாக இருக்கின்றன. எழுநூற்று நாற்பத்தொன்றில். ஃபிளாப்பி, பைனாகுலர், எல்லாம்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

வரைந்த படம் எழுநூற்று நாற்பத்தொன்றில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? அதுதான் சரியான இடம். உலகத்தில் எந்த நூலகரை வேண்டுமானாலும் கேளுங்கள். நான் அழிக்கவில்லை. ஒழுங்காக வைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. தேடத் தெரியாதது அந்த மென்பொருளின் குறை. பெருமையாகப் பைனாகுலர் வேறு வைத்திருக்கிறது!

நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? மருந்துக் கடையா? தில்லை நகரிலா? நல்லது.

நானா? உங்கள் கடைக்கு வந்து, நீங்கள் இல்லாத நேரம் பார்த்து, எல்லா மாத்திரைகளையும் நோய்வாரியாக அடுக்கினால் என்ன என்று கேட்கிறீர்கள். அழகாக இருக்கும். மறுநாள் நீங்கள் கைநீட்டுகிற இடத்தில் மாத்திரை இருக்காது, உண்மை. ஆனால் பட்டியலைப் பார்த்தால் எது எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

பட்டியலா? அடுக்கியவன்தானே கொடுக்க வேண்டும்.

நான் கொடுத்தேனா என்கிறீர்கள்.

கொஞ்சம் இருங்கள்.

இது என்ன ஊர், ராம்ஜி நகரா? அதற்குள் வந்துவிட்டதா?

ஐயா, நீங்கள் மாத்திரை விற்கிறவர், இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நகர்த்துவது குற்றமில்லை. நகர்த்தியதைப் பதியாமல் விடுவதுதான்... ஆமாம். நான்தான் சொன்னேன். அரைமணி நேரம் சொன்னேன். அட்டையில் எழுதி ஒட்டிவைத்திருந்தார்.

அப்படியானால் அவருக்குத் தெரியும். கணிப்பொறிக்குள் எழுநூற்று நாற்பத்தொன்று என்று ஓர் உறை உருவாக்குகிற ஆள் அந்தக் கல்லூரியில் யார் என்று யாருக்குத்தான் தெரியாது? மூன்று வாரமாக என் தோரணத்துக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு வரி மட்டும் கேட்டிருக்கிறார். அதற்கு நான் கண்ணால் காணவில்லை என்று தர்க்கம் பேசியிருக்கிறேன்.

இப்போது அந்த அட்டையை ராஜமன்னார் மேசையில் வைப்பாரா? வைக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, வையம்பட்டிக்கு ரயில் ஏறிவிடுவார்.

உங்களிடம் பேனா இருக்கிறதா? என் பேனாவில் பச்சை மை. இதற்கு நீலம் வேண்டும். இந்தப் பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், தாளுக்குக் கீழே வைத்து எழுத. ஓட்டுநர் ஏன் இப்படிப் பள்ளம் பள்ளமாகத் தேடிப் போகிறார்?

எழுதிவிட்டேன். கேளுங்கள். "பொத்தான் படங்கள் இருபத்திரண்டையும் இடம் மாற்றியவன் நான். மாற்றிய இடத்தைப் பதியாமல் விட்டவனும் நான். கோகிலவாணி அவற்றைத் தொடவில்லை." ஒரு வரி கேட்டார். மூன்று வரி.

என்ன? எழுத்தைப் பெரிதாக்கினதையுமா? அது என் கண் சம்பந்தப்பட்ட விஷயம் ஐயா! சரி. சரி என்கிறேனே. "பொத்தான்கள் நகரக் காரணமானவனும் நானே. நான் ஒட்டிய சீட்டை நம்பி அழுத்தியதைத் தவிர கோகிலவாணி வேறொன்றும் செய்யவில்லை." இதுவும்: "கணிப்பொறி எதைக் கேட்டாலும் ஆம் என்று அழுத்தச் சொன்னவனும் நானே." போதுமா? நீங்கள் மருந்துக் கடையில் இருக்க வேண்டியவர் இல்லை, போலீஸில் இருக்க வேண்டியவர்.

என் பெயர் வராது என்றாரே ராஜமன்னார், வரும். கீழே முழுப் பெயர் போட்டிருக்கிறேன், பதவியோடு. இனி மெமோ அடிப்பதானால் எனக்கு அடிக்கட்டும். வாங்கி, தேதி குறித்து, கோப்பில் சேர்க்க எனக்குத் தெரியும்.

மன்னிப்பா? எதற்கு மன்னிப்பு? பதியாதது தவறு, எழுதிக் கொடுத்தாயிற்று. வைத்த இடம் சரி. அதில் ஓர் அங்குலம் இறங்க மாட்டேன். இந்தப் பதினொரு பக்கத்தையும் கிழிக்க மாட்டேன். இந்த ஒரு தாள்தான் பதில். பதினொரு பக்கம் பின்னிணைப்பு.

கருமண்டபம் வந்துவிட்டது. நீங்கள் இறங்க வேண்டுமே? பேனாவைப் பிடியுங்கள். கோகிலவாணி முன்னறையில் உட்கார்ந்திருப்பார். முதலில் அவரிடம் வாசித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். இந்தத் தடவை மூன்று பக்கம் கேட்க வேண்டியதில்லை.

படங்களா? பழைய இடத்தில் திரும்ப வைத்தால் பொத்தானில் வந்துவிடும் என்கிறீர்கள். தினகரும் அப்படித்தான் சொல்வார். வைக்கிறேன். ஆனால் சொந்தமாகத் தர மாட்டேன், இரவல்தான். எழுநூற்று நாற்பத்தொன்று, இருபத்திரண்டு படங்கள், பெறுபவர் அந்த மென்பொருள், பதினான்கு நாள் தவணை. முறையாகப் பேரேட்டில் பதிந்துதான் கொடுப்பேன். அதற்குமேல் வேண்டுமென்றால் நேரில் வந்து கேட்கட்டும்.